திருப்பணி முறையும் தொழிற்சாலை முறையும்

லூக்கா தம் நற்செய்தியைத் தொடங்குகையில், ஏரோது மன்னனின் பெயரைச் சொல்லிக் காலத்தைக் குறித்தவுடன் நம்முன் கொண்டுவந்து நிறுத்தும் முதல் மனிதர் ஒரு குரு. தம் பிரிவின் முறை வந்ததால் எருசலேம் ஆலயத்திற்குப் பணியாற்ற வந்து, சீட்டு தம் பெயருக்கு விழுந்ததால் தூபம் காட்ட உள்ளே நுழைந்த சக்கரியா அவர். அபியாவின் பிரிவைச் சேர்ந்தவர் என்பதையும் நற்செய்தியாளர் தவறாமல் குறித்திருக்கிறார். வானதூதர் தோன்றியதையும் சக்கரியா பேச்சிழந்ததையும் நினைவில் வைத்திருக்கும் நாம், இந்தப் 'பிரிவு' என்ற சொல்லைக் கவனியாமல் கடந்து சென்றுவிடுகிறோம்.

ஆரோனின் வழித்தோன்றல்கள் 24 பிரிவுகளாக வகுக்கப்பட்ட வரலாறு குறிப்பேடு முதல் நூலின் 24-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவற்றுள் எட்டாவது அபியாவின் பிரிவு. ஒரு பிரிவினர் ஒரு வாரம் ஆலயத்தில் பணி செய்வர். ஓய்வுநாளன்று அவர்கள் இறங்க, அடுத்த பிரிவினர் ஏறுவர். நம் பகுதி இளைஞர்களிடம் இதைச் சொன்னால், "இது ஷிப்டு அல்லவா சாமி?" என்று கேட்டுவிடுவார்கள். ஆம், ஷிப்டுதான். உலகில் ஆலைகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இறைவனின் இல்லத்தில் ஷிப்டு இருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் பெருஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம், ஒரகடம் வரையிலும் பரந்து கிடக்கும் இந்நிலம், ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரி நீரை நம்பி நெல் விளைவித்த பூமி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. 2014-இல் அது மூடப்பட்டபோது எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு தடுமாறியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. ஒரு கூரைத்தொகுதியின் கீழ் ஒரு சிறு நகரமே உறங்கி எழுகிறது! முன்னாளில் திரிகால மணி ஒலித்து நாளை மூன்றாகப் பகுத்தது. இன்று கம்பெனி பஸ் வந்து நின்று நாளை மூன்றாகப் பகுக்கிறது.

இந்தச் சூழ்நிலையில் நம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்கிறான் சாமி, பூசைக்கு வந்து ஒரு மாதமாகிறது. பாவம் அவனுக்கா, எனக்கா?" கேள்வி சிறியது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய தவறான எண்ணம் மறைந்திருக்கிறது. வழிபாடு என்பது கோவிலுக்குள், பீடத்தருகில், குருவானவர் ஒருவர் செய்யும் காரியம். மற்றவர்கள் வந்து பார்த்துச் செல்கிறார்கள். பார்க்க வராதவன் வழிபாட்டிற்கு வெளியே போய்விட்டான் என்பதே அந்த எண்ணம். விவிலியம் இப்படிச் சொல்கிறதா?

லேவியர் நூலின் முதல் அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். எரிபலி கொண்டுவரும் சாதாரண குடியானவன் தன் கையை அந்த மிருகத்தின் தலைமேல் வைக்க வேண்டும். பின்னர் அதை வெட்டுபவனும் அவனே. தோலுரித்துத் துண்டாக்குபவனும் அவனே. இரத்தத்தைப் பீடத்தின்மேல் தெளிப்பதும், நெருப்பை மூட்டி விறகை அடுக்குவதும், துண்டங்களை அதன்மேல் வைப்பதும் குருவின் வேலை. பறவையைப் பலியிடும்போது மட்டும் குருவே எல்லாவற்றையும் செய்கிறார். அதாவது, பழைய ஏற்பாட்டின் பலியில் வேடிக்கை பார்ப்பவன் என்று ஒருவனும் இல்லை. கை வைக்காதவனுக்குப் பலி இல்லை. நாமோ புதிய ஏற்பாட்டின் மக்கள். ஆயினும் திருப்பலிக்கு வந்து தூணோரம் சாய்ந்து நிற்கிறோம். சிலர் தூண்வரைகூட வருவதில்லை. வெளியே வேப்பமரத்தடியில் இருசக்கர வண்டியின்மேல் அமர்ந்தபடியே 'பூசை கண்டு' வீடு திரும்புகிறார்கள். ஷிப்டில் நிற்கும் பிள்ளையைக் குறித்துக் கவலைப்படும் நாம், இவர்களைக் குறித்துக் கவலைப்படுவதில்லை.

குருக்கள் மட்டுமா முறை பார்த்தார்கள்? லேவியர்களுள் பாடகர்கள் இரவும் பகலும் பணியில் இருந்தமையால் வேறு வேலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தனர். வாயிற்காவலர்கள் இறைவனின் இல்லத்தைச் சுற்றி இரவைக் கழித்தனர். காலைதோறும் கதவைத் திறப்பது அவர்கள் பொறுப்பு. குறிப்பேடு முதல் நூலின் 9-ஆம் அதிகாரம் இவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. இரவுதோறும் ஆண்டவரின் இல்லத்தில் நிற்கும் ஊழியர்களுக்கென்றே திருப்பாடல் நூலில் ஒரு குறும்பாடல் உண்டு. 134-ஆம் பாடலாகிய அதை இன்றும் திருச்சபை இரவு மன்றாட்டில் பாடுகிறது. ஆலை வாயிலில் இரவெல்லாம் சீருடையுடன் நின்று, வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளும் நம் செக்யூரிட்டித் தோழர்கள் இந்த 9-ஆம் அதிகாரத்தைத் தங்கள் அதிகாரமாகவே எடுத்துக்கொள்ளலாம். (லேவியர் 50 வயதில் கடினப் பணியிலிருந்து விலக வேண்டும் என்று எண்ணிக்கை நூல் விதிக்கிறது. அந்த வயதைத் தாண்டிய நமக்கு அவ்விதி எட்டவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.)

இனி, கைத்தொழிலாளரைக் குறித்து ஒரு வார்த்தை. பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரம் எழுந்தபோது, கடவுள் தம் ஆவியால் நிரப்பினேன் என்று பெயர் குறித்துச் சொன்னது ஒரு தொழிலாளியைத்தான். யூதா குலத்துப் பெட்சலேல், பொன், வெள்ளி, வெண்கல வேலையிலும், கல் பதிப்பதிலும், மரம் செதுக்குவதிலும் வல்லவன். தாண் குலத்து ஒகோலியாபு அவனுக்குத் துணை. இருவரும் லேவியர் அல்லர். குரு அணிந்த உடையும், குரு நின்ற பீடமும், குரு ஏந்திய பாத்திரமும் குருகுலத்தில் பிறவாத கைகளால் ஆயின. உலோகத்தை அறுத்து, துளையிட்டு, ஒட்டி, மெருகிட்டு நாள் முழுதும் நிற்கும் பிள்ளைகள் விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.

இவற்றையெல்லாம்விட ஆழமான ஓர் உண்மையை எபிரேயர் திருமுகம் மறைக்காமல் சொல்கிறது. நம் ஆண்டவர் இயேசு லேவி குலத்தவர் அல்லர், யூதா குலத்தவர். அக்குலத்தார் எவரும் பீடத்தில் பணி செய்ததில்லை. அவர் இவ்வுலகில் இருந்தால் குருவாகவே இருக்க முடியாது என்றும் அத்திருமுகம் துணிந்து கூறுகிறது. எருசலேம் ஆலயத்தின் உட்பகுதிக்குள் கால் வைக்கும் உரிமை, சட்டப்படி, நாசரேத்து ஊர்த் தச்சருக்கு இல்லை. அவர் தம் பலியை ஒப்புக்கொடுத்தது ஆலயத்திற்குள் அன்று. நகர வாயிலுக்கு வெளியே. கருவியாக நின்றது மரமும் ஆணியும். அவை அவர் தொழிலில் பழகிய பொருள்களே. அந்நேரத்தில் ஆலயத் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. ஒரு குலத்துக்கும் ஒரு கட்டடத்துக்கும் உரியதாக இருந்த நுழைவுரிமை அன்றோடு எல்லாருக்கும் உரியதாயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், ஆசாரியர் மறைவாக உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் நின்று ஊரறியச் சொன்னதாக வைணவப் பெருமக்கள் போற்றும் வரலாறு நம் பகுதியில் அறியாதார் இல்லை. அருள் சிலருக்கு மட்டும் என்று பூட்டி வைக்கப்படுவதைப் பொறுக்காத உள்ளம் நம் மண்ணுக்கும் புதிதன்று.

திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் இந்தக் கிறிஸ்துவின் குருத்துவத்தில் பங்குபெறுகிறார் என்பதைப் புனித இராயப்பர் (இன்றைய மொழிபெயர்ப்பில் பேதுரு) தம் முதல் திருமுகத்தில் எடுத்துரைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 10-ஆம் எண்ணில் அதை மீண்டும் தெளிவாக்கியது. விசுவாசிகளின் பொதுக் குருத்துவமும், திருநிலைப்படுத்தப்பட்ட குருக்களின் பணிக் குருத்துவமும் அளவில் மட்டுமன்றித் தன்மையிலேயே வேறானவை. எனினும் ஒன்றையொன்று நோக்கியவை. அப்பத்தையும் இரசத்தையும் கையிலேந்தி அர்ச்சிக்கும் பணி குருவுடையது. அவற்றோடு சேர்த்து ஒப்புக்கொடுக்க வேண்டியவற்றைக் கொண்டுவரும் பணி உங்களுடையது. அவை எவை என்பதை அதே ஏட்டின் 34-ஆம் எண் கூறுகிறது: செபங்கள், இல்லற வாழ்வு, அன்றாட உழைப்பு, உடலின் ஓய்வு, பொறுமையோடு தாங்கும் துன்பங்கள். ஓய்வையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். இரவு முறை முடிந்து பகலில் உறங்கும் பிள்ளையின் உறக்கமும் காணிக்கைத் தட்டில் ஏறத்தக்கதே. எனவே, அந்நேரத்தில் வானொலியையும் தொலைக்காட்சியையும் அலறவிடுகிறவர்கள் ஒருவருடைய காணிக்கையில் கை வைக்கிறார்கள் என்று நாம் சொன்னால் மிகையாகாது.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதில் இதுவே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1248-ஆம் எண்ணின்படி, ஞாயிறு கடமையை முந்திய நாள் மாலைத் திருப்பலியிலும் நிறைவேற்றலாம். அதற்கும் வழியில்லாமல் வேலைக் கட்டாயம் தடுத்தால், அது நியாயமான தடை, பாவமன்று. ஐயம் இருந்தால் பங்குக்குருவிடம் சொல்லலாம். தக்க காரணத்தோடு கேட்போருக்குக் கடமையிலிருந்து விலக்களிக்கவோ, அதை வேறு பக்திச்செயலாக மாற்றித் தரவோ 1245-ஆம் எண் அவருக்கு இடம் தருகிறது. ஆனால் வாரவிடுமுறை புதன்கிழமையில் வந்தால் அன்று அரைமணி நேரமேனும் நற்கருணை நாதர் முன் வந்து அமரட்டும். விடுமுறை ஞாயிறன்றே வந்தும் பத்து மணிவரை போர்வைக்குள் கிடப்பவனுக்கு இச்சலுகை எதுவும் பொருந்தாது.

பீடத்திற்கு வருவது யார் என்று பார்த்தோம். பீடத்திற்கு வருவது என்ன என்பதில்தான் விவிலியம் கண்டிப்பாக இருக்கிறது. குருடான ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவந்த மக்களை மலாக்கி இறைவாக்கினர் கடிந்துகொண்டார். அதை உங்கள் ஆளுநனிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அவன் ஏற்றுக்கொள்வானா என்று கேட்டார். ஆலையில் வேலை செய்வோருக்கு இந்தக் கேள்விக்கு விளக்கவுரை தேவையில்லை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் பொருள் வாயிலைத் தாண்டாது. அத்தகைய கைகள், கடவுளுக்கு மட்டும் எஞ்சிய நேரத்தையும் தூக்கக் கலக்கத்தையும் கிழிந்த நோட்டையும் கொண்டுவருவது பொருந்துமா? ஏழையிடம் இல்லாததை ஆண்டவர் கேட்பதில்லை. ஆட்டுக்கு வழியில்லாதவனுக்கு இரண்டு புறாக்கள். அதற்கும் வழியில்லாதவனுக்கு ஒரு படி மாவு என்று லேவியர் நூல் இறங்கி வருகிறது. நம் அன்னை மரியாளும் சூசையப்பரும் கொண்டுவந்தது ஏழைகளின் காணிக்கைதான்.

காணிக்கையில் ஊனம் என்பது ஆட்டின் காலில் மட்டும் இருப்பதன்று. அதை வாங்கிய பணத்திலும் இருக்கலாம். பலிகளை இத்தனை நுட்பமாக வகுத்த அதே லேவியர் நூல், 19-ஆம் அதிகாரத்தில், வேலையாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்கிறது. இணைச்சட்ட நூல் ஒருபடி மேலே சென்று, அவன் உன் இனத்தவனானாலும் உன் ஊரில் தங்கியிருக்கும் அயலானானாலும் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது. பீடத்தின் சட்டமும் கூலியின் சட்டமும் தனித்தனி ஏடுகளில் இல்லை. சீராக்கின் ஞான நூல் 34-ஆம் அதிகாரத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசுகிறது. அநீதியாய் ஈட்டியதிலிருந்து கொடுக்கும் காணிக்கை ஏளனம் என்றும், உழைப்பவனின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துபவன் என்றும் அது சொல்கிறது.

இந்த அதிகாரம் ஒரு குருவின் வாழ்வையே புரட்டிப் போட்டிருக்கிறது. 1514-இல் கியூபா தீவில் பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியக் குரு, பெந்தகோஸ்தே திருவிழாவுக்குப் பிரசங்கம் தயாரித்துக்கொண்டிருந்தார். அத்தீவின் பூர்வகுடிகளைக் கட்டாய உழைப்புக்குப் பெற்று நிலமும் சுரங்கமும் நடத்திய எசமானர்களுள் அவரும் ஒருவர். சீராக்கின் இவ்வார்த்தைகள் கண்ணில் பட்டன. தம் கையிலிருக்கும் அப்பம் யாருடையது என்று எண்ணத் தொடங்கினார். முதலில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மக்களை விட்டுக்கொடுத்தார். அதன் பின்னரே மற்ற எசமானர்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். மீதி வாழ்நாள் முழுவதும் அம்மக்களுக்காக அரசவையில் வழக்காடினார்.

கியூபா தொலைவு என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காக இளம் பெண்கள் இந்தப் பெருஞ்சாலையில் இரவில் அமர்ந்ததை நாடறியும். 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு 37 நாள்கள் வேலைக்குச் செல்லாமல் இருந்ததையும் நாடறியும். பெரிய கம்பெனிகளைப் பற்றிப் பேச இந்தப் பக்கத்தில் நமக்கு இடமில்லை. அவர்கள் இதை வாசிக்கப் போவதுமில்லை. வாசிக்கும் நம்மிடையே ஆள் அனுப்பும் காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் அறையில் எட்டுப் பேரை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, தண்ணீருக்குத் தனியாகவும் கேட்பவர்கள் நம் சபைகளிலும் உண்டு. ஊர் திரும்பும் பிள்ளைக்கு அட்வான்ஸ் தொகையைத் தராமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு. அந்தப் பணமும் ஞாயிறன்று காணிக்கைப் பையில்தான் விழுகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு பங்கில் இப்படி நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒருவர், ஆலயத்திற்குப் புதிய கொடிமரம் செய்து தருவதாக முன்வந்தார். பங்குப் பேரவை மகிழ்ந்தது. அவரிடம் வேலை செய்த நான்கைந்து பிள்ளைகள் பங்குக்குருவிடம் வந்து, சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்த தொகை பல மாதங்களாகக் கணக்கில் ஏறவில்லை என்றார்கள். பங்குக்குரு அவரைத் தனியே அழைத்து, முதலில் அதைக் கட்டிவிட்டு வாருங்கள், கொடிமரம் காத்திருக்கும் என்றார். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கொடிமரம் இப்போது வேறோர் ஊர் ஆலயத்தின் முன் நிற்கிறது, அவர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லுடன். பிள்ளைகளின் பணம் வந்ததா என்றால், இருவருக்கு வந்தது. பங்குக்குருவைப் பிழைக்கத் தெரியாதவர் என்று பேசியவர்கள் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை.

பெயர் பொறிப்பது பற்றிச் சொன்னதால் ஆரோனின் மார்புப்பட்டை நினைவுக்கு வருகிறது. விடுதலைப் பயண நூல் 28-ஆம் அதிகாரத்தில் அதன் அமைப்பு உள்ளது. நான்கு வரிசைகளில் 12 மணிக்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குலத்தின் பெயர். தோள்பட்டைகளிலும் இரண்டு கற்கள். ஒன்றுக்கு ஆறு பெயராகப் பன்னிரண்டும் மீண்டும். ஆரோன் திருவிடத்திற்குள் நுழையும்போதெல்லாம் அப்பெயர்களைத் தோளிலும் இதயத்தின்மேலும் சுமந்து செல்ல வேண்டும். கொடுத்தவன் பெயர் என்று ஒன்றும் அதில் இல்லை. பெரிய குலம், சிறிய குலம் என்ற வேறுபாடும் இல்லை. தந்தை யாக்கோபின் சாபத்திற்கு ஆளான சிமியோனின் பெயரும் உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை இல்லாமல் நம் பிள்ளைகள் எவரும் ஆலைக்குள் நுழைய முடியாது. அந்த அட்டையில் இருப்பது அவரவர் பெயர் மட்டும். குருவின் மார்பில் இருந்ததோ பிறருடைய பெயர்கள். பொதுக் குருத்துவத்தில் பங்குள்ள நாம் பீடத்தை அணுகும்போது யார் யார் பெயரைச் சுமந்து வருகிறோம்?

இதற்கெனச் சில மாதங்களாக நம் ஆலயத்தின் முன்வாயிலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அந்த வாரம் வேலை முறையால் திருப்பலிக்கு வர இயலாதவர்களின் பெயர்களை வீட்டார் எழுதலாம். விசுவாசிகள் மன்றாட்டில் அவை வாசிக்கப்படும். முதலில் தயங்கினார்கள். பின்னர் மகன், மகள், மருமகன் என்று வீட்டுப் பெயர்கள் வந்தன. லைன் வீட்டுக்காரர் ஒருவர் தம் வீட்டில் குடியிருக்கும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதினார். அவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த நம் கத்தோலிக்கச் சகோதரர்கள். தமிழ் தெரியாததால் கடைசி வரிசையில் நின்று, நற்கருணை வாங்கியவுடன் சத்தமின்றிப் போய்விடுபவர்கள். எக்கா, டோப்போ, மிஞ்ச், லக்ரா என்று நம் நாவுக்குப் பழகாத பெயர்கள். முதல் ஞாயிறன்று வாசகர் தடுமாறினார். சிறுவர் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அடுத்த சனிக்கிழமை மாலை அவ்வாசகர், நம் உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு அந்த லைன் வீட்டிற்குச் சென்று, அப்பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.